ஆய்வேட்டின் முதல் பக்கம்

அல்லிநகரத்திலும் போடியிலும் உத்தமபாளையத்திலும் மாணவர்கள் பைண்டிங் செய்து கொடுக்கும் ஆய்வேடுகளில், கறுப்பு ரெக்சின் அட்டையைப் புரட்டியதும் தலைப்புக்குக் கீழே ‘இன் பார்ஷியல் ஃபுல்ஃபில்மென்ட் ஆஃப் தி ரெக்வயர்மென்ட்ஸ்’ என்ற தொடர் நிற்கிறது. முந்தைய ஆண்டு மாணவர் வைத்த கோப்பில் பெயரையும் பதிவு எண்ணையும் மட்டும் மாற்றுவதே டிடிபி கடை வழக்கம் என்பதால், அது ஏட்டுக்கு ஏடு தொற்றிக்கொண்டே வருகிறது. பலர் அதை மரியாதைச் சொல்லாக நினைக்கிறார்கள். என் கருத்தில் அது ஓர் உறுதிமொழி. பட்டத்துக்குப் பல நிபந்தனைகள் உண்டு, இந்த ஏடு அவற்றில் ஒன்றை நிறைவேற்றுகிறது என்பதே அதன் பொருள். ஏடு அரைகுறை என்று அது சொல்லவில்லை.

அப்படியானால் அது பொருந்துமா என்பதைப் பட்டத்தின் விதிதான் முடிவுசெய்ய வேண்டும். 1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகம் லண்டன் முறையைப் பின்பற்றியது. தேர்வு நடத்திப் பட்டம் தருவதே அதன் வேலை. கற்பித்தலுக்கும் ஆய்வுக்கும் 1904ஆம் ஆண்டுச் சட்டம்தான் வழி திறந்தது. பிரிட்டனிலேயே இன்றைய முனைவர் பட்டம் 1917இல் ஆக்ஸ்ஃபோர்டில்தான் ஏற்கப்பட்டது. அந்த மரபில் ஏடும் வாய்மொழித் தேர்வுமே பட்டத்தை முடிவுசெய்தன. அமெரிக்காவிலோ வகுப்பு, தேர்வு, ஆய்வேடு மூன்றும் சேர்ந்தால்தான் பட்டம். ‘பார்ஷியல்’ அங்கே இயல்பாகப் பொருந்தியது. நம் பகுதிக்கு வந்தால், 1966இல் தொடங்கிய மதுரைப் பல்கலைக்கழகம் 1978இல் காமராசர் பெயரைப் பெற்றது. கம்பம் பள்ளத்தாக்குக் கல்லூரிகள் பலவும் அதன் குடையின் கீழ்தான் வளர்ந்தன. எம்ஃபில் படிப்பில் எழுத்துத் தேர்வுகளும் ஆய்வேடும் இரண்டும் இருந்ததால் அந்த ஏட்டில் இத்தொடர் சரியாகவே இருந்தது. முனைவர் பட்டத்துக்கு நிலை வேறு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிகள்தான் பாடப்படிப்பை நாடு முழுவதும் கட்டாயமாக்கின. 2022 விதிகள் குறைந்தது 12 கிரெடிட் கேட்கின்றன, எம்ஃபிலையே நிறுத்தியும்விட்டன. ஏட்டை மட்டுமே வைத்துப் பட்டம் தந்த இடங்களில் முன்பு பொருந்தாமல் ஒட்டியிருந்த ஒரு தொடருக்கு, 2009க்குப் பிறகு விதியே பொருள் தந்துவிட்டது.

முதல் பக்கத்தை யார் படிக்கிறார்கள், உள்ளே ஆய்வு சரியாக இருந்தால் போதாதா என்று கேட்கலாம். ஆனால் அடுத்த பக்கத்திலேயே ‘போனஃபைட்’ சான்றிதழில் நெறியாளர் கையெழுத்திடுகிறார். நல்லெண்ணத்தோடு என்று பொருள்படும் அந்த லத்தீன் சொல்லை நாம் ‘போனஃபைட் வாங்கணும்’ என்று ஒரு காகிதத்தின் பெயராக்கிவிட்டோம். கையெழுத்து என்னவோ உண்மைக்குத்தான் சாட்சி. பொருள் தெரியாத வாக்குறுதியை முன்னால் வைத்துவிட்டு உள்ளே மேற்கோளிலும் புள்ளிவிவரத்திலும் துல்லியம் பேசுவது ஆய்வாளருக்கு அழகல்ல. தமிழிலேயே எழுதிவிட்டால் சிக்கல் தீராதா என்ற கேள்விக்கு நியாயம் உண்டு. தமிழ்த்துறை ஏடுகளில் வரும் ‘பட்டப்பேற்றின் ஒரு பகுதியாக’ என்பது ஆங்கிலத்தைவிடத் தெளிவாகவே இருக்கிறது. ஆனாலும் அந்த ‘ஒரு பகுதி’யும் விதியோடு ஒத்துப்போனால்தான் உண்மை. விலங்கியலிலோ வணிகவியலிலோ ஏடு ஆங்கிலத்தில் இருக்கும்வரை, ‘இன் தி பார்ஷியல்’ என்று வேண்டாத ‘தி’ சேர்ப்பதையும், ‘ரெக்வயர்மென்ட்ஸ்’ என்ற பன்மையை ஒருமையாக்குவதையும் விட்டொழிக்க வேண்டும். நிபந்தனைகள் பல என்று காட்டுவதே அந்தப் பன்மைதான்.

ஆகவே அச்சுக்குக் கொடுக்கும் முன் பழைய கோப்பை மூடிவிட்டு, உங்கள் பல்கலைக்கழக விதிப்புத்தகத்தைத் திறந்து பாருங்கள். முதல் பக்கம் எப்படி அமைய வேண்டும் என்று அதில் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் நெறியாளரிடம் கேளுங்கள்.