நிலம் கைமாறிய நாடும் மாறாத நாடும்: தென்கொரியா, பிலிப்பைன்ஸ்

1960ஆம் ஆண்டில் பிலிப்பைன்ஸ் மக்களின் சராசரி வருமானம் தென்கொரியர்களின் வருமானத்தைவிட அதிகமாக இருந்தது. இன்று தென்கொரியாவின் தனிநபர் வருமானம் 30,000 டாலரைத் தாண்டிவிட்டது; பிலிப்பைன்ஸ் 4,000 டாலரை ஒட்டியே நிற்கிறது. ஏற்றுமதிக் கொள்கை, அமெரிக்க உதவி, பார்க் சுங்-ஹீயின் இரும்புக்கர ஆட்சி எனப் பாடநூல்கள் பல காரணங்களை அடுக்குகின்றன. அவற்றை நாம் மறுக்கவில்லை. ஆனால் அமெரிக்க உதவியும் சர்வாதிகாரமும் பிலிப்பைன்சுக்கும் கிடைத்தவைதாம். தென்கொரியாவில் நடந்து, பிலிப்பைன்சில் நடக்காமல் போனவற்றுள் முதன்மையானது நிலம் கைமாறியது.

1945இல் ஜப்பானிய ஆட்சி முடிந்தபோது, கொரிய விளைநிலத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குத்தகையில் இருந்தது. விளைச்சலில் பாதியும் அதற்கு மேலும் நிலவுடைமையாளருக்குப் போயிற்று. 1946 மார்ச்சில் வடகொரியா நிலத்தை இலவசமாகப் பகிர்ந்தளித்ததும் தெற்கு ஆட்சியாளர்கள் அஞ்சினர். அங்கிருந்த அமெரிக்க இராணுவ நிர்வாகம் முன்னாள் ஜப்பானியர் நிலங்களை 1948இல் உழவர்களுக்கு விற்றது. 1949இல் நிலச் சீர்திருத்தச் சட்டம் இயற்றப்பட்டு, 1950இல் திருத்தப்பட்டு நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஒருவர் சுமார் 3 ஹெக்டேர், அதாவது ஏழரை ஏக்கருக்கு மேல் விளைநிலம் வைத்திருக்க இயலாது. தாமே உழாத நிலத்தையும் வைத்திருக்க இயலாது. நிலத்தின் விலை ஓராண்டு விளைச்சலின் ஒன்றரை மடங்கு. உழவர் அதனை ஆண்டுக்கு 30 விழுக்காடு வீதம் ஐந்தாண்டுகளில் விளைபொருளாகவே செலுத்தினார். நிலவுடைமையாளருக்கு அரசுப் பத்திரங்கள் தரப்பட்டன. போர்க்காலப் பணவீக்கத்தில் அவற்றின் மதிப்பு கரைந்துபோயிற்று. ஈட்டுத்தொகை என்ற பெயரில் பழைய செல்வம் அப்படியே மீளவில்லை என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

இது அருளால் நிகழ்ந்ததன்று. சட்டத்திற்கு வழியமைத்த முதல் வேளாண் அமைச்சர் சோ போங்-ஆம் 1959இல் தூக்கிலிடப்பட்டார். சட்டம் வருமுன்னரே பலர் நிலத்தை விற்றுத் தப்பினர். வேறு சிலர் விலக்கு பெறுவதற்காகக் கல்வி அறக்கட்டளைகளின் பெயருக்கு மாற்றினர். அந்தத் தந்திரத்தாலும் பள்ளிகள் பெருகின என்பது வரலாற்றின் வேடிக்கை.

குத்தகையாகப் போன நெல் வீட்டில் தங்கியது. உழவர் வீட்டுப் பிள்ளை பள்ளிக்குப் போனது. 1950களின் இறுதிக்குள் தொடக்கப்பள்ளி வயதுக் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் பள்ளியில் இருந்தனர். அடுத்த பத்தாண்டில் ஆலைகள் எழுந்தபோது எழுதப் படிக்கத் தெரிந்த தொழிலாளர்கள் ஆயத்தமாக இருந்தார்கள். தொழில் கொள்கையைத் தடுக்கவல்ல பண்ணையார் வர்க்கம் எஞ்சியிருக்கவில்லை. அத்தொழிலாளர்களின் வாழ்வு இனித்தது என்று பொருளல்ல: தொழிலாளர் சட்டத்தை நடைமுறைப்படுத்தக் கோரி, சோல் நகரத் தையல் தொழிலாளி சோன் தே-இல் 1970 நவம்பரில் தீக்குளித்து இறந்தார்.

பிலிப்பைன்சில் சட்டங்களுக்குக் குறைவில்லை. 1963இல் ஒன்று, 1972இல் மார்க்கோசின் ஆணை, அதுவும் நெல், மக்காச்சோள நிலங்களுக்கு மட்டும். கரும்பும் தென்னையும் தப்பின. 1987 சனவரியில் நிலம் கேட்டு மணிலாவின் மெந்தியோலா பாலத்துக்கு ஊர்வலம் வந்தவர்கள் சுடப்பட்டனர். 13 பேர் மாண்டனர். அப்போதைய அதிபர் கொரசோன் அக்கினோவின் குடும்பத்துக்கு 6,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட லுயிசிட்டா கரும்புப் பண்ணை சொந்தம். அடுத்த ஆண்டு வந்த சட்டம், நிலத்துக்குப் பதில் நிறுவனப் பங்குகளைத் தரலாம் என்று அனுமதித்தது. லுயிசிட்டா தொழிலாளர்களுக்குக் கிடைத்தது பங்குப் பத்திரம்தான். 2004இல் அங்கே வேலைநிறுத்தக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். நிலத்தையே பகிர்ந்தளிக்குமாறு உச்ச நீதிமன்றம் இறுதியாக ஆணையிட 2012 ஆயிற்று.

கொரியாவிலும் தீண்டாமை இருந்தது. இறைச்சி வெட்டுதலும் தோல் தொழிலும் செய்த பெக்சோங் மக்கள் ஒதுக்கிவைக்கப்பட்டிருந்தனர். 1894இல் சட்டம் அவர்களை விடுவித்தும் இழிவு நீங்காததால், 1923இல் சிஞ்சு நகரில் 'ஹியோங்பியோங்' இயக்கத்தைத் தொடங்கினர். தராசுபோல் சமநிலை என்பது அச்சொல்லின் பொருள். ஆனால் அவர்கள் தொகையில் சிறியவர்கள். கொரியக் கழனிகளில் உழைத்தவர் பெரும்பாலும் குத்தகைதாரரே. 'உழுபவருக்கு நிலம்' என்ற முழக்கம் அங்கே ஏறத்தாழ அடிமட்டம் வரை எட்டியது.

இந்தியாவில் குத்தகைதாரருக்குக் கீழே இன்னொருவர் இருந்தார். சேற்றில் இறங்கியவர் அவர். பதிவேட்டில் பெயர் இல்லாதவரும் அவரே. 1947இல் 'அரசுகளும் சிறுபான்மையினரும்' என்னும் ஆவணத்தில் அண்ணல் அம்பேத்கர், நிலத் தொகுப்பாலும் குத்தகைச் சட்டங்களாலும் நிலமற்ற கூலிகளான தீண்டப்படாத மக்களுக்குப் பயனில்லை என்று காட்டி, நிலத்தை அரசுடைமையாக்கிச் சாதி வேறுபாடின்றிக் கூட்டுப் பண்ணைகளாக நடத்தக் கோரினார். அக்கோரிக்கை ஏற்கப்படவில்லை.

நாட்டிலேயே முற்போக்கானது எனப் போற்றப்படும் கேரளச் சீர்திருத்தத்தையே எடுத்துக்கொள்வோம். 1970 சனவரி முதல் நாளில் குத்தகை முறை அங்கே ஒழிந்தது. நாயர், சிரியன் கிறித்தவர், ஈழவர் குத்தகைதாரர்கள் உடைமையாளர் ஆயினர். வயலில் உழைத்த புலையருக்கும் பறையருக்கும் பெரும்பாலும் கிடைத்தது குடியிருந்த மனை மட்டுமே: ஊராட்சிகளில் 10 சென்ட், நகராட்சிகளில் 5, மாநகரங்களில் 3. பெருந்தோட்டங்கள் உச்சவரம்பிலிருந்து விலக்கப்பட்டன. 2007இல் பத்தனம்திட்டா மாவட்டம் செங்ஙறையில், அத்தகைய ஒரு ரப்பர் தோட்டத்துக்குள் ஆயிரக்கணக்கான தலித், ஆதிவாசிக் குடும்பங்கள் குடிசை போட்டன. அவர்கள் கேட்டது மனையல்ல, விளைநிலம்.