தனி மேசையில் அமர்ந்த நடிகை

1940ஆம் ஆண்டு பிப்ரவரி 29ஆம் நாள், லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஆஸ்கார் பரிசளிப்பு விழா நடைபெற்றது. ‘கான் வித் தி விண்ட்’ படத்தில் செவிலித்தாயாக நடித்த ஹாட்டி மக்டானியல், சிறந்த துணை நடிகைக்குரிய பரிசை வென்றார். கறுப்பின மக்களுள் ஆஸ்கார் பெற்ற முதலாமவர் அவரே. ஆயினும், உடன் நடித்தோரோடு அமர இடமின்றித் தனி மேசையிலேயே அமர்த்தப்பட்டார்.

அடிமைத்தளையிலிருந்து மீண்ட பெற்றோரின் மகளாகிய அவர், திரையில் பெரும்பாலும் பணிப்பெண்ணாகவே தோன்றினார். வேறு வேடங்கள் அவருக்கு எளிதில் அளிக்கப்படவில்லை. ஏற்ற வேடங்களுக்காகவோ அவர் இனத்தாருள் சிலரே அவரைக் கடிந்தனர். 1947இல் ‘பியூலா’ வானொலித் தொடரின் தலைமைப் பாத்திரம் கிடைத்தது, அதுவும் பணிப்பெண்ணே.

1952இல் அவர் மறைந்தபோது, அவர் விரும்பிய ஹாலிவுட் இடுகாடு நிறம் கருதி இடம் மறுத்தது. 1999இல் அங்கே அவருக்கு நினைவுக்கல் நாட்டப்பெற்றது. உடல் பெறாத இடத்தைப் பெயர் பெறுவதற்கு 47 ஆண்டுகள் சென்றன.