பம்பனெய்ரா: வாய்க்கால் காத்த சொல்

அந்தலூசியா என்றதும் நம் நினைவில் எழுவது அல்ஹம்ப்ரா அரண்மனையே. அதற்குத் தெற்கே, சியெரா நெவாடா மலைச்சரிவின் பள்ளத்தாக்கில், பம்பனெய்ரா என்னும் சிற்றூர் உள்ளது. அதன் தட்டையான மண்கூரைகள் மொராக்கோவின் மலையூர்களை நினைவூட்டுவன.

1492இல் கிரானடா சரணடைந்தபோது முஸ்லிம்களுக்கு அளிக்கப்பட்ட சமய உறுதிமொழி பத்தாண்டுகளுக்குள் மீறப்பட்டது. 1567இல் அரபு மொழியும் தடைசெய்யப்பட்டது. 1568இல் மலைமக்கள் கிளர்ந்தெழுந்தனர். 1570இல் கிரானடாப் பகுதியிலிருந்தே வெளியேற்றப்பட்டனர். அவர்தம் வீடுகளில் வடபுலக் கிறிஸ்தவர் குடியமர்த்தப்பட்டனர்.

வந்தவர்க்கும் நீர் வேண்டுமன்றோ? முஸ்லிம் உழவர் காலத்து வாய்க்கால்களை அவர்களும் பேணினர். பனியுருகிய நீர் இன்றும் அவற்றின் வழியே வயல்களை அடைகின்றது. வாய்க்காலுக்கு ஸ்பானியர் வழங்கும் 'அஸேக்கியா' என்னும் பெயர், அரபியின் 'அஸ்ஸாகியா'வே. அரசாணை தடுத்த மொழியில் ஒரு சொல்லை உழவரின் நாவு காத்து வைத்திருக்கிறது.