கடன் வாங்காம கிறிஸ்துமஸ் கொண்டாடலாமா? மானாவாரி ஊருக்கு ஒரு பட்ஜெட்!

வீரசோழன், நரிக்குடி, திருச்சுழி பக்கம் மழையை நம்பின மானாவாரி விவசாயம் அதிகம். ஐப்பசி மழையில் விதைச்சா, விளைச்சல் காசாகிறது தை, மாசியிலதான். கிறிஸ்துமஸோ மார்கழியிலேயே வந்துடும்! அப்போ கடன் வாங்கினா, அறுவடைப் பணத்தில் முதல் பங்கு வட்டிக்குத்தான் போகும். என்ன செய்யலாம்?

இப்பவே சேமிங்க

பலகாரச் சீட்டு வசதிதான். ஆனா, பதிவில்லாத சீட்டு நடத்துறவர் கைவிரிச்சா பணத்தை மீட்கிறது கஷ்டம். போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி 5 வருஷத் திட்டம். அதனால வங்கியில் ஓராண்டு ஆர்.டி போடுங்க. இந்த டிசம்பர் முதல் வாரத்தில் ஆரம்பிச்சு மாசம் 400 ரூபாய் கட்டினா, அடுத்த டிசம்பரில் 4,800 ரூபாயும் வட்டியும் கையில் இருக்கும்.

பிரிச்சு வைங்க

* புதுத்துணி: ரூ.2,400
* பலகாரம், விருந்து: ரூ.1,500
* காணிக்கை, பஸ் செலவு: ரூ.500
* குடில், ஸ்டார்: ரூ.400

மரபுக்குச் செலவு கம்மி

முறுக்கு, அதிரசத்தைச் சொந்தக்காரங்க சேர்ந்து ஒரே வீட்டில் சுடுங்க. எண்ணெயும் கேஸும் மிச்சம். குடிலுக்கு பிளாஸ்டிக் புல் எதுக்கு? 10 நாளுக்கு முன்னாடி தட்டில் மண் பரப்பி கேழ்வரகு தூவி, தண்ணி தெளிச்சா போதும். மூங்கில் குச்சி, கலர் பேப்பர் இருந்தா ஸ்டார் ரெடி.

பக்கத்து வீட்டுக்குப் போற பலகாரத் தட்டில் மட்டும் கை வைக்காதீங்க. ரம்ஜானுக்கும் பொங்கலுக்கும் நிறைஞ்சு திரும்பி வர்ற தட்டு அது!