நான்கெல்லைக்கு உட்பட்டது

2011-இல் புதுவையில் ஒரு வீடு வாங்கப் போனேன். பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, பழைய தமிழ்த் தெரு ஒன்றில். தெருவை ஒட்டி மரத்தூண்கள் தாங்கிய தாழ்வாரம், அதற்குள் திண்ணை, பிறகு ரேழி, முற்றம். மாடி மட்டும் வளைவு ஜன்னல்களும் கம்பிபோட்ட பால்கனியுமாக வெள்ளைக்காரத் தெருவிலிருந்து எடுத்து வைத்ததுபோல இருக்கும். இத்தகைய வீடுகளைப் பார்த்ததும் 'இரு நாகரிகங்களின் சங்கமம்' என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. நானும் அதைச் சொல்லிக்கொண்டுதான் போனேன். பாரதி 1908 முதல் 1918 வரை இருந்த ஊர், பாரதிதாசனின் ஊர், பிரபஞ்சன் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' நாவல்களில் எழுப்பிக்காட்டிய ஊர். அங்கே சொந்தமாக ஒரு வாசற்படி வேண்டும் என்கிற ஆசை, எழுதுகிறவனுக்கு வரக்கூடிய ஆசைதான். (பாரதி அங்கே பத்து வருஷமும் வாடகைக்குத்தான் இருந்தார் என்பது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.)

பழமையை வாங்குகிறோம் என்ற நினைப்பு முதலில் சுவரில் இடித்தது. புதுவையின் சுவர்கள் நாம் நினைக்கிற அளவு பழையவை அல்ல. 1758-இல் லாலி கடலூர் பக்கத்து புனித டேவிட் கோட்டையைப் பிடித்து இடித்தான். அதற்குப் பதிலடியாக, 1761 ஜனவரியில் புதுவை சரணடைந்ததும் ஆங்கிலேயர்கள் ஊரையே இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். ஆனந்தரங்கப் பிள்ளை அதைப் பார்க்கவில்லை; நகரம் வீழ்வதற்குச் சில நாட்களுக்கு முன்னால் இறந்துபோனார். அவருடைய வீடு தப்பித்தது. அப்படித் தப்பியவை மிகச் சில. 1763 பாரிஸ் உடன்படிக்கைப்படி ஊரைத் திரும்பப் பெற்று, 1765-இல் லா தெ லோரிஸ்தோன் வந்து இறங்கியபோது அவருக்கு மிஞ்சியிருந்தது அஸ்திவாரங்களும் தெருக்களின் கோடுகளும். அந்தக் கோடுகளின் மேலேயே மறுபடி கட்டினார்கள்.

அந்தக் கோடுகளும் பிரெஞ்சுக்காரர்கள் தாமே போட்டவை அல்ல. 1693-இல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்து 1699-இல் திருப்பிக் கொடுத்தார்கள். இடைப்பட்ட ஆறு வருஷங்களில் அவர்கள் வரைந்த நேர்கோட்டுத் தெருத்திட்டமே இன்று பிரெஞ்சு நகர அமைப்பு என்று பெருமையாகக் காட்டப்படுகிறது. சுவர் போய்விடுகிறது, கோடு நிற்கிறது. இந்த ஊரின் சரித்திரத்தை இப்படிச் சொல்லலாம் என்று எனக்குப் படுகிறது. வாங்கப் போகிறவனுக்கு இது தத்துவம் அல்ல. அவனுக்கு விற்கப்படுவதே ஒரு கோடுதான்: வடக்கே இன்னார் வீடு, தெற்கே இன்னார் வீடு, கிழக்கே தெரு, மேற்கே இன்னார் தோட்டம், இந்த நான்கெல்லைக்கு உட்பட்டது.

நகரத்தின் கிழக்கெல்லை கடல். அதுவும் அசையாமல் இருக்கவில்லை. 1980-களின் கடைசியில் தெற்கே துறைமுகத்துக்கு அலைதாங்கிகள் கட்டியபின், வடக்கே நகரும் மணல் தடைபட்டது. கடற்கரைச் சாலையின் முன்னிருந்த மணல் போய்க் கருங்கற்கள் வந்தன. பிற்பாடு கடலுக்குள் தடுப்பு அமைத்து ஒரு பகுதியில் மணலை வரவழைத்தார்கள். அது வேறு கதை.

வீட்டின் மூலப்பத்திரம் பிரெஞ்சில் இருந்தது. 1912-இல் நோத்தேர் எழுதிய பத்திரம். விற்க வந்த சகோதரர்கள் மூவருக்கும் பிரெஞ்சு படிக்கத் தெரியாது, எனக்கும் தெரியாது. பழைய பத்திரங்களைப் படித்துச் சொல்கிற பெரியவர் ஒருவரிடம் போனோம். கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, முத்திரையிலிருந்து ஆரம்பித்து, ஒரு வார்த்தை விடாமல் படித்தார். நான் எதிர்பார்த்தது அந்தக் காலத்து வாழ்க்கையின் வாசனையை. அவர் தேடியது ஒன்றே ஒன்றை: யார் கையெழுத்து இல்லை?

வாங்கியவரின், அதாவது இந்தச் சகோதரர்களின் தாத்தாவின், பெயருக்குப் பின்னால் ஒரு பிரெஞ்சுக் குடும்பப்பெயர் இருந்தது. "ரெனோன்சான் குடும்பம்" என்றார் பெரியவர். இதைக் கொஞ்சம் சொல்லவேண்டும். பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வக்கீல், 1873-இல் பூட்ஸ் அணிந்து கோர்ட்டுக்குள் வந்ததற்காகத் தடுக்கப்பட்டு, பாரிஸ் வரை முறையிட்டு ஜெயித்தவர். 1881 செப்டம்பர் ஆணை, தன் ஜாதி மத வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வர இந்தியர்களை அனுமதித்தது. துறந்தவர் ஒரு குடும்பப்பெயர் வைத்துக்கொள்ளவேண்டும். பொன்னுத்தம்பி வைத்துக்கொண்ட பெயர் லாபோர்த். கதவு என்று அர்த்தம். அவர் பெயரில் புதுவையில் ஒரு தெரு இருக்கிறது. அந்தக் கதவு வழியே போனவர்களுக்கு ஓட்டும் உத்தியோகமும் முக்கியமாக இருந்திருக்கும். சட்டம் மாறியபோது வீட்டுக்குள்ளும் ஒன்று மாறியதை எத்தனை பேர் யோசித்திருப்பார்கள் என்று தெரியவில்லை.

புதுவை இந்து வழக்கம் நம் பக்கத்து மிதாக்ஷரத்திலிருந்து வேறுபட்டது. அங்கே மகனுக்குப் பிறப்பால் பங்கு கிடையாது; அப்பன் உயிரோடு இருக்கும்வரை பூர்விகச் சொத்துக்கும் அவனே பூரண எஜமான். அவன் போனபின் மகன்கள் இருக்க மகளுக்கு ஒன்றுமில்லை. பிரெஞ்சு சிவில் சட்டத்திலோ மகளும் மகனும் சமம். ஆகவே 1931-இல் தாத்தா இறந்தபோது அந்த வீடு மூன்று பங்காகியிருந்தது. இரண்டு மகன்கள், ஒரு மகள். பிறப்புப் பதிவேட்டில் அவளைக் கண்டுபிடித்தவர் பெரியவர்தான். கல்யாணமாகி சைகோன் போயிருக்கிறாள். அந்தக் காலத்தில் புதுவைக்காரர்கள் பலர் பிரெஞ்சு உத்தியோகத்தில் இந்தோ-சீனாவுக்குப் போனார்கள். அவள் விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுத்ததாக எங்கும் பதிவில்லை.

"போனவங்க போனவங்கதான் சார்" என்றார் சகோதரர்களில் மூத்தவர். "எண்பது வருஷமா ஒரு கடுதாசி கிடையாது."

பெரியவர் என்னைப் பார்த்துத்தான் பதில் சொன்னார். "கூட்டுப் பங்காளி அனுபோகம்னா, தம்பி, இல்லாதவங்களுக்காகவும் சேர்த்து அனுபவிக்கிறதுதான். அவங்க இங்கதான் இருக்காங்கன்னு வெச்சிக்குங்க."

அதன்பிறகு நாங்கள் எல்லாரும், நான், சகோதரர்கள், தரகர், என் வக்கீல், அந்தப் பெண்ணை வில்லங்கம் என்றே குறிப்பிட ஆரம்பித்தோம். வில்லங்கம் தீர்ந்தால் அட்வான்ஸ். வில்லங்கத்துக்குப் பிள்ளைகள் உண்டா? பிரான்சில் யாராவது இருப்பார்களா? சரித்திரத்தில் பெண்ணின் குரல் என்று நான் அதற்குமுன் எழுதியவை உண்டு. இந்தப் பத்திரிகையின் வாசகர்கள் சிலர் படித்தும் இருக்கலாம். அவற்றை எழுதிய கைதான், அவள் வாரிசில்லாமல் செத்திருக்கவேண்டும் என்று ஒரு சாயங்காலம் முழுக்க விரும்பிக்கொண்டு, கடற்கரைச் சுவரில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. பழமையின் மேல் நமக்கிருக்கும் காதல், அது நம்மிடம் எதையும் திருப்பிக் கேட்காதவரைக்குந்தான். தூணும் ஓடும் கேட்பதில்லை. அதனால் அவற்றைக் காப்பாற்றச் சங்கம் வைக்கிறோம்.

இரண்டு வருஷம் இழுத்து, நான் விலகிக்கொண்டேன். அறத்தால் என்று சொல்லிக்கொள்ள ஆசை. வக்கீல் பயமுறுத்தியதும் பணம் போதாததும்தான் காரணங்கள். மறு வருஷம், 2014 நவம்பர் 29-ஆம் தேதி, கடற்கரைச் சாலையில் இருந்த மேரி கட்டடம் மழையில் இடிந்து விழுந்தது. 1870-களின் துவக்கத்துச் சுண்ணாம்புக் காரை. அதே இடத்தில் அதே தோற்றத்தில் புதிதாகக் கட்டி 2021-இல் திறந்தார்கள். லோரிஸ்தோன் செய்ததும் இதுதானே என்று அதைப் பார்க்கும்போது நினைத்துக்கொள்வேன்.

நான் பார்த்த வீட்டை, வில்லங்கத்தோடு வாங்கத் துணிந்த ஒருவர் வாங்கி இடித்துவிட்டார். தாழ்வாரம் இருந்த இடத்தில் இரும்பு கேட். இதை நேரில் பார்த்த அன்று பெரியவர் வீட்டுக்கும் போனேன். பக்கத்து வீட்டுக்காரர் விற்கப்போகிறார் என்று அவர் முன்னால் வேறொரு பத்திரக்கட்டு கிடந்தது. அடியில் 1938-இல் எழுதிய பிரெஞ்சுப் பத்திரம். அதன்மேல் தமிழிலும் இங்கிலீஷிலுமாகப் பின்னால் வந்தவை. கடைசியாக எழுதினவரும் நான்கெல்லையை மூலத்திலிருந்து அப்படியே காப்பியடித்திருந்தார். பெரியவர் விரலை வைத்துக் காட்டினார். தெற்கே, காலஞ்சென்ற இன்னாரின் வாரிசுகள் வீடு. மூன்று பெயர்கள். மூன்றாவது அவளுடையது.

"மாத்தணும்னு யாருக்கும் தோணல" என்றார். பிறகு கட்டைக் கயிறு போட்டுக் கட்டினார்.