கண்ணுக்குள் ஒரு பாவை: 'பியூப்பில்' என்ற சொல்லின் கதை

ஆங்கிலத்தில் 'பியூப்பில்' என்றால் மாணவர். அறிவியல் பாடத்தில் அதே சொல் கண்ணின் நடுவே உள்ள கரிய துளையைக் குறிக்கிறது. "ரெண்டுக்கும் என்ன சம்பந்தம், டீச்சர்?" என்று ஒரு மாணவர் கேட்டால் என்ன சொல்வோம்? ஏதோ தற்செயல்னு சொல்லித் தப்பிச்சிடலாம். ஆனால் அது சரியான விடை இல்லை.

இரண்டுக்கும் வேர் ஒன்றே. லத்தீன் மொழியில் 'பூபா' என்றால் சிறுமி. பொம்மை என்றும் பொருள். அதன் குறுமை வடிவம் 'பூபில்லா', அதாவது குட்டிப் பொம்மை. ரோமானியர் கண்ணின் துளைக்கும் இப்பெயரையே வைத்தனர். ஏன்? எதிரே இருப்பவரின் கண்ணைக் கிட்டப் போய்ப் பாருங்கள். நடுக் கருமையில் உங்கள் உருவமே சின்னப் பொம்மை போலத் தெரியும். கி.பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி, தமது 'இயற்கை வரலாறு' நூலில் இதைக் குறிப்பிடுகிறார். அவருக்கு முன்பே கிரேக்கர்கள் சிறுமியையும் கண்மணியையும் 'கோரே' என்ற ஒரே சொல்லால் அழைத்தனர். உண்மையில் அந்த உருவத்தைக் காட்டுவது துளை அல்ல. அதன் முன்னால் உள்ள கார்னியா என்ற படலம் குவியாடி போலச் செயல்படுகிறது. பின்னால் இருட்டாக இருப்பதால் உருவம் தெளிவாகத் தெரிகிறது.

சரி, மாணவர் எங்கிருந்து வந்தார்? ரோமானியச் சட்டத்தில் தந்தையை இழந்த, பருவம் எய்தாத சிறுவன் 'பூபில்லுஸ்', சிறுமி 'பூபில்லா'. அவர்களுக்குப் பொறுப்பேற்ற பாதுகாவலர் 'தூத்தோர்'. இன்றைய 'டியூட்டர்' அவர்தான்! ஆங்கிலத்திலும் 'பியூப்பில்' முதலில் பாதுகாவலரின் பொறுப்பில் உள்ள பிள்ளையையே குறித்தது. 16ஆம் நூற்றாண்டில்தான் மாணவர் என்ற பொருள் வந்தது. ஆக, 'டியூட்டர்' என்ற சொல்லில் பாடம் சொல்லித் தருவதற்கு முன்பே பிள்ளையைக் காக்கும் கடமை இருந்தது.

இனி நம் மொழிக்கு வருவோம். 'பாவை' என்றால் பொம்மை, பெண், கண்மணி. 1123ஆம் குறளில் தலைவன் தன் கண்மணியில் உள்ள பாவையிடம், "நீ போய்விடு, என் காதலிக்கு இங்கே இடம் வேண்டும்" என்ற கருத்தில் பேசுகிறான். 'காதற் சிறப்புரைத்தல்' அதிகாரத்தில் இது வருகிறது. பேச்சுவழக்கில் 'கண் பாப்பா' என்கிறோம். மலாயில் 'அனாக் மாத்தா', அதாவது கண்ணின் பிள்ளை. அரபு மொழியிலோ 'கண்ணின் மனிதன்'.

மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'பூபா', 'பாப்பா' ஒலி ஒத்திருக்குதே, அப்போ ஒன்றிலிருந்து ஒன்று வந்திருக்கும்னு உடனே முடிவு கட்டக்கூடாது. ஒலி ஒற்றுமை மட்டும் சொல்லின் பிறப்புக்குச் சான்று ஆகாது. கண்ணுக்குள் சிற்றுருவம் தெரிவதை யாரும் காணலாம். ஒரே காட்சியைக் கண்டவர்கள் தத்தம் மொழியில் ஒரே மாதிரி பெயர் வைக்க முடியும். அதற்குக் கடன் வாங்கத் தேவையில்லை. சொற்பிறப்பு பற்றிக் கட்டுரை எழுதும்போது இந்த வேறுபாட்டை மறந்துவிடாதீர்கள்.