கொங்கு நாட்டு உருக்கும் வாள் கொல்லுத்தொழிலும்

கொங்கு உருக்கு என்பது இன்றைய சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டப் பகுதிகளில் சிறு மண் மூசைகளில் இட்டுக் காய்ச்சப்பட்ட உயர்கரிம எஃகு ஆகும். ஐரோப்பியர் இதனை 'ஊட்சு' என்று அழைத்தனர். 'உக்கு' என்னும் கன்னடச் சொல்லோ 'உருக்கு' என்னும் தமிழ்ச் சொல்லோ இப்பெயருக்கு மூலமாகலாம் என்பர். உலகப் புகழ்பெற்ற ஜப்பானியக் குறுவாளோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இத்தொழிலின் சிறப்பும், அது மறைந்த காரணமும் தெளிவாகும்.

மூலப்பொருள்

திருச்செங்கோட்டிற்கு வடகிழக்கே சேலத்தை ஒட்டிக் கஞ்சமலை உள்ளது. காந்தத்தால் ஈர்க்கப்படும் மேக்னடைட் இரும்புத்தாது இம்மலையில் மிகுதி. தாது வெண்கற்களோடு கலந்து கிடைப்பதால், அதை இடித்துப் பொடியாக்கி, புடைத்தோ நீரில் அலசியோ கல்லை நீக்கினர். ஜப்பானியர் வாளுக்குப் பயன்படுத்திய கரிய இரும்பு மணலிலும் முதன்மையாக இருப்பது இதே மேக்னடைட்தான். ஒரே வகைத் தாதுவிலிருந்து இரு நாட்டாரும் இருவேறு வழிகளில் எஃகு கண்டனர்.

தொன்மை

மேட்டூருக்கு அருகிலுள்ள தெலுங்கனூரில், பெருங்கற்கால ஈமக்குழி ஒன்றில் இருபுறமும் கூர்மையுள்ள வாள் கிடைத்தது. அது உயர்கரிம எஃகால் ஆனது என்பதை உலோகவியல் ஆய்வு காட்டியது. கரிமக் காலக்கணிப்பு அதனைப் பொது ஆண்டுக்கு முந்தைய இரண்டாம் ஆயிரமாண்டில் வைக்கிறது. திருச்செங்கோட்டிற்குத் தென்மேற்கே, காவிரிக்கு அப்பால், நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில் 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகம் அகழாய்வு நடத்தியது. அங்கே உலைகளும் இரும்புச் சிட்டமும் மூசைத் துண்டுகளும் வெளிப்பட்டன. பதிற்றுப்பத்து கூறும் 'கொடுமணம்' இவ்வூரே எனக் கருதப்படுகிறது.

இருவகை எஃகு

கொங்குக் கொல்லர் முதலில் சிறு ஊதுலையில், ஆட்டுத்தோல் துருத்தியால் காற்றூதித் தேனிரும்பைப் பெற்றனர். அதைச் சிறு துண்டுகளாக்கி, உமி கலந்த களிமண் மூசையில் இட்டு, இரும்பின் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு உலர்ந்த ஆவாரங்குச்சிகளைச் சேர்த்தனர். மேலே பச்சை எருக்கிலையை வைத்துக் களிமண்ணால் வாயை அடைத்தனர். இருபதுக்கும் மேற்பட்ட மூசைகளை ஒரே உலையில் அடுக்கி, சுமார் இரண்டரை மணி நேரம் ஊதினர். குச்சியும் இலையும் கரியாகி, அந்தக் கரிமம் இரும்பில் ஏறியது. கரிமம் ஏற ஏற உருகுநிலை குறைவதால் இரும்பு உள்ளேயே உருகியது. ஆறியபின் மூசையை உடைத்தால் அதன் அடிப்பகுதியின் வடிவில் எஃகுக் கட்டி கிடைக்கும்.

ஜப்பானின் 'ததரா' உலையில் எஃகு முழுவதும் உருகுவதில்லை. ஷிமானே மாநிலத்தில் இன்றும் இயங்கும் உலையில் மூன்று நாள் இடைவிடாது எரித்து, சுமார் 10 டன் இரும்பு மணலும் 12 டன் கரியும் செலவிட்டு, ஏறத்தாழ 2.5 டன் கட்டியைப் பெறுகின்றனர். அதில் கரிமம் சீராகப் பரவியிராது. ஆகவே கொல்லர் நல்ல துண்டுகளைப் பொறுக்கி, தட்டி, மடித்து, மீண்டும் தட்டிச் சீராக்குகிறார்.

கொங்கு உருக்கு உருகி உறைந்ததால் இயல்பிலேயே சீரானது, மடிக்கத் தேவையில்லை. ஆனால் மிகையாகக் காய்ச்சினால் சம்மட்டி அடியில் நொறுங்கிவிடும். மிதமான செஞ்சூட்டிலேயே பொறுமையாக அடிக்க வேண்டும். வெண்சூட்டில் அடித்துப் பழகிய ஐரோப்பியக் கொல்லர்கள் இதனால் தடுமாறினர். மேற்காசியாவின் புகழ்பெற்ற டமாஸ்கஸ் வாள்களில் தெரியும் நீரலை போன்ற கோலம், இத்தகைய எஃகிலுள்ள கரிமச் சேர்மங்கள் வரிசையாக அமைவதால் தோன்றுவதாகும்.

குறுவாளும் கட்டாரியும்

ஜப்பானில் 30 செ.மீ.க்குக் குறைந்த அலகுடையது 'தாந்தோ'. 30 முதல் 60 செ.மீ. வரை உள்ளது 'வாகிசாஷி'. அலகின் முதுகில் களிமண்ணைத் தடிப்பாகவும் விளிம்பில் மெல்லியதாகவும் பூசி, காய்ச்சி நீரில் தோய்ப்பர். விளிம்பு விரைந்து குளிர்ந்து கடினமாகும். முதுகு மெதுவாகக் குளிர்ந்து வளையும் தன்மை பெறும். பிடிக்குள் மறையும் காம்பில் கொல்லர் தம் பெயரைப் பொறிப்பது வழக்கம். அதனால் பல நூற்றாண்டு கடந்த வாளுக்கும் செய்தவர் யார் என்று அறிய முடிகிறது.

தமிழகத்தின் புகழ்பெற்ற குறும்படைக்கலம் கட்டாரி. குறுக்குப் பிடியைக் கைக்குள் அடக்கி நேராகக் குத்தும் கருவி இது. தஞ்சாவூர் அரண்மனைப் படைக்கலக் கொட்டிலில் இருந்த கட்டாரிகள் பல இன்று அருங்காட்சியகங்களில் உள்ளன. அவற்றுள் சிலவற்றுக்கு ஐரோப்பிய அலகுகள் பொருத்தப்பட்டுள்ளன. செய்த கொல்லரின் பெயர் பொதுவாக அவற்றில் இல்லை. விதிவிலக்காக, 19ஆம் நூற்றாண்டில் சேலத்தில் வாழ்ந்த அருணாசலம் என்னும் கொல்லர் வேட்டைக் கத்திகளிலும் பன்றி வேட்டை ஈட்டிகளிலும் தம் பெயரையும் ஊரையும் பொறித்தார். அவை ஆங்கிலேயரிடையே பெரிதும் விரும்பப்பட்டன.

மறைவின் காரணங்கள்

கொங்கு உருக்கு தரம் குறைந்ததால் மறையவில்லை. 1795இல் லண்டன் அரச கழகத்தில் இது குறித்த ஆய்வு வாசிக்கப்பட்டது. பின்னர் மைக்கேல் ஃபாரடேயும் இதை ஆராய்ந்தார். ஆனால் 1801இல் பாளையக்காரர் போர் முடிந்ததும் கம்பெனி அரசு மக்களிடமிருந்து படைக்கலங்களைப் பறித்தது. 1805இல் தீரன் சின்னமலை, திருச்செங்கோட்டை அடுத்த சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்டார். வாள் வாங்குவோர் இல்லாமல் போயினர். 1830இல் ஜோசையா மார்ஷல் ஹீத் பறங்கிப்பேட்டையில் தொடங்கிய ஆலை சேலம் தாதுவைப் பயன்படுத்தியது. கரித் தட்டுப்பாடும் செலவும் அதனையும் வீழ்த்தின. மலிவான ஆங்கிலேய இரும்பு சந்தைக்கு வந்தது. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டத்தால் காட்டில் கரி சுடுவதும் கட்டுப்படுத்தப்பட்டது.

ஜப்பானிலும் 1876இல் பொது இடத்தில் வாள் அணிவது தடைசெய்யப்பட்டது. ஆனால் அங்கே கைத்திறன் காக்கப்பட்டது. 1948இல் வாள் பாதுகாப்புக் கழகம் தோன்றியது. 1977இல் அக்கழகம் ததரா உலைக்கு மீண்டும் தீ மூட்டியது. உரிமம் பெற்ற கொல்லர்கள் இன்றும் வாள் செய்கின்றனர்.

இன்றைய நிலை

கஞ்சமலை அடிவாரத்திலுள்ள சேலம் உருக்காலை 1980களின் தொடக்கத்தில் துருப்பிடிக்கா எஃகுத் தகடு உற்பத்தியைத் தொடங்கியது. அதற்கான மூலப்பொருள் வெளியிலிருந்தே வந்தது. பழைய மூசை உருக்கைக் காய்ச்சிய குடும்பங்களின் வழிமுறை அறுந்துவிட்டது. அரிவாளும் மண்வெட்டியும் அடிக்கும் ஊர்ப் பட்டறைகளில் தோய்ச்சல் போடும் பக்குவம் மட்டும் எஞ்சியுள்ளது. நிலத்தில் கிடக்கும் சிட்டமும் உடைந்த மூசை ஓடுகளுமே பெயர் தெரியாத அந்தக் கொல்லர்களின் கையொப்பம். அவற்றைக் கண்டால் அப்புறப்படுத்தாமல், கிடந்த இடத்தைக் குறித்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவிப்பது வரலாற்றுக்குச் செய்யும் உதவியாகும்.